நாற்காலி வரிசை

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காட்டில், ரெடிமேட் துணிக்கடை கவுஸ் ஜும்ஆ தொழுகை முடிந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்தார்.

கதவைத் திறந்த மனைவி பாத்திமா பீவி கீழே பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எங்கங்க?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்த பிறகுதான் கவுஸுக்கே தெரிந்தது. இடது கால் வெறுங்கால். தெருவில் சிமெண்டுத் தரை மதிய வெயிலில் கொதித்துக் கிடந்தது. அந்தச் சூடும் அவருக்கு உறைக்கவில்லை.

"பள்ளிவாசல்ல யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டான்" என்றார்.

ஒற்றைச் செருப்பை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறவன் எவன் என்று பாத்திமா பீவி கேட்பதற்குள், அடுத்த தெரு ஜபருல்லா அந்தச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு விந்தி விந்தி வந்து சேர்ந்தார்.

"பள்ளிக்கு அந்தாண்ட நாலாவது வூட்டு வாசல்ல கெடந்துச்சு. கூப்புடுறேன் கூப்புடுறேன், நீ பாட்டுக்குப் போற. ஒரு சட்டை எடுத்தா ஒத்தச் செருப்பு இலவசம்னு போர்டு வச்சிருக்கியா?"

கவுஸ் சிரித்தார். பாத்திமா பீவி சிரிக்கவில்லை.

ஜபருல்லாவும் கவுஸும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருவரையொருவர் கிண்டல் செய்தே வளர்ந்தவர்கள். ஜபருல்லாவுக்கு ஐம்பது தாண்டியதும் முழங்கால் தேய்ந்துபோனது. தரையில் தொழ முடியாதவர்களுக்காகப் பள்ளிவாசலின் கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த வரிசைக்குக் கவுஸ் 'சட்டசபை' என்று பெயர் வைத்தார். தொழுகை முடிந்து வெளியே வரும்போது, "சபை கலைஞ்சிருச்சா? இன்னைக்கி என்ன தீர்மானம்?" என்று கேட்பார். நாற்காலிக்காரர்கள் அவரை அடிக்க வருவதுபோல் கையை ஓங்குவார்கள். தெருவுக்கே பழகிப்போன விளையாட்டு அது.

கவுஸ் முதல் வரிசைக்காரர். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தபோது, கம்பெனி கொடுத்த சிறிய இடைவேளையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு அதன்மேல் தொழுதவர். அங்கே அவருக்கென்று சொந்தமாக ஒரு கட்டில்கூடக் கிடையாது. பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று மாறி மாறிப் படுக்க வேண்டும். நெற்றியைத் தரையில் வைக்கிற அந்தச் சில கணங்கள் மட்டும்தான் தன்னுடையவை என்று அவருக்குத் தோன்றும். ஊருக்கு வந்து கடை போட்ட பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை. ஒருநாளும் தவறியதில்லை.

முதுகுவலி அந்த வருஷம் ரமலானில் தொடங்கியது. பண்டல் தூக்கியதால் வந்தது என்று நினைத்தார். டவுனில் ஒரு டாக்டர் டிஸ்க் என்று சொல்லி பெல்ட்டும் வலி மாத்திரையும் கொடுத்தார். வலி விடவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்றிருந்தது. பேண்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. 'சுகரா இருக்கும்' என்றார் பாத்திமா பீவி. 'வெயிலு' என்றார் கவுஸ். தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தையும் அவர் செய்தார். குனிந்து நிமிர்ந்தால் முதுகு சரியாகிவிடும் என்று, கடமையான தொழுகைக்கு மேல் உபரியாகவும் தொழ ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை குனியும்போதும் கண்ணில் தண்ணீர் வரும். நோய் வெளியேறுகிறது என்று எண்ணிக்கொண்டார்.

செருப்பு கழன்ற மறுநாள் பாத்திமா பீவி அவரைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுக்க வைத்தார். இப்போது அவர் யாரையும் கேட்கவில்லை. கத்தாரில் இருக்கும் மகன் முகமது அனஸுக்குப் போனில் சொன்னார், "ஒங்க அத்தாவை நான் கூட்டிட்டுப் போறேன். அவர் வரமாட்டேன்னா தூக்கிட்டுப் போவேன்." தூக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பஸ் படியில் ஏற இடது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

முதுகின் நடுப்பகுதியில் இரண்டு எலும்புகள் அரித்துப்போய், ஒன்றின்மேல் ஒன்று சரிந்திருந்தன. சுற்றிலும் சீழ். அது தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. டி.பி. என்றார்கள்.

"எனக்கு இருமலே இல்லையே" என்றார் கவுஸ்.

"எலும்புலயும் வரும்ங்க" என்று சொல்லி, அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

சொந்தக்காரர்களுக்கு டிஸ்க் என்றே சொல்லி வைத்தார்கள். வேப்பூர், குன்னம் வழியாக, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்துக்கொண்டே வாடகைக் கார் அரியலூர் போய்ச் சேர்ந்தது.

எலும்பு வார்டில் கவுஸுக்குக் கிடைத்தது ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் வரதராசன்பேட்டை மிக்கேல். ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். அவருக்கும் அதே நோய், இடுப்புக்குச் சற்று மேலே. ஆபரேஷன் முடிந்து, மார்பையும் முதுகையும் சேர்த்து இறுக்குகிற பட்டையை மாட்டிக்கொண்டு உட்காரப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு எத்தனாவது மாடி பாய்?" என்று கேட்டார், முதல் நாளே.

"மாடியா?"

"முதுகுல. எனக்குக் கீழ்மாடி. ஸ்க்ரூ போட்டுத் தூக்கி நிப்பாட்டியிருக்காங்க."

கவுஸ் தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். "ஒங்களது மேல்மாடி. காத்தோட்டமா இருக்கும்" என்றார் மிக்கேல்.

டாக்டர் தமிழழகன் மறுநாள் காலையில் வந்தார். வேப்பந்தட்டைக்காரர். நாற்பது வயசு, கொஞ்சம் தொந்தி. கவுஸின் காலில் ஊசிமுனையாலும் விரலாலும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். குதிகாலைக் கட்டிலிலிருந்து தூக்கச் சொன்னார். வலது கால் எழுந்தது. இடது கால் யோசித்துவிட்டு அப்படியே கிடந்தது.

"மாத்திரை ஆரம்பிச்சாச்சு. நிறைய பேருக்கு மாத்திரையே போதும். ஒங்களுக்குப் பத்தாது. எலும்பு சரிஞ்சு நரம்பை அழுத்துது. சீழை எடுத்துட்டு, செத்த எலும்பை எடுத்துட்டு, அந்த எடத்துல கூண்டு மாதிரி ஒண்ணு வச்சு, ஒங்க வெலா எலும்புலேர்ந்தே கொஞ்சம் எடுத்து அதுக்குள்ள நெறைச்சு, மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டு, ரெண்டு கம்பியால புடிச்சு நிறுத்தணும்."

"கம்பி எவ்வளவு நாளு இருக்கும்?"

"எடுக்கத் தேவையில்ல. கூடவே இருக்கும்."

கவுஸ் வேறு எதுவும் கேட்கவில்லை. "மாத்திரையை மொதல்ல பாப்போம் சார்" என்றார்.

அன்றைக்கும் மறுநாளும் அதையேதான் சொன்னார். டாக்டர் விளக்கினார். தலைமை நர்ஸ் சுமதி கண்டித்துப் பார்த்தார். கத்தாரிலிருந்து அனஸ் வீடியோவில், "அத்தா, பண்ணிக்கிடுங்க அத்தா" என்று கெஞ்சினான். ஊரிலிருந்து பார்க்க வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத், நோயாளி உட்கார்ந்து தொழலாம், படுத்துத் தொழலாம், அதுவும் முடியாவிட்டால் கண் சாடையால்கூடத் தொழலாம், இறைவன் ஏற்றுக்கொள்வான் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறுதல்தான் கவுஸை இன்னும் பயமுறுத்தியது. எல்லோரும் சேர்ந்து தன்னை நாற்காலிக்குத் தயார்படுத்துகிறார்கள் என்று தோன்றியது. முதுகில் கம்பி வைத்த மனுஷன் கம்பம் மாதிரி. கம்பம் எப்படிக் குனியும்? இந்த ஒன்றை மட்டும் அவர் வாய்விட்டு யாரிடமும் கேட்கவில்லை. முடியாது என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

மூன்றாம் நாள் வலது காலும் கனக்க ஆரம்பித்தது. பாத்திமா பீவி தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

"அனஸ் அத்தா, மனசுல என்ன வச்சிருக்கீங்க? சொன்னாத்தானே தெரியும்."

கவுஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "சஜ்தா போவ முடியாம ஆயிடும் பாத்திமா. நெத்தி தரையில படாது. அப்புறம் நடந்து என்ன, நடக்காம என்ன."

பக்கத்துக் கட்டிலில் மிக்கேல் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

டாக்டர் அன்று வார்டுக்கு வந்ததும், தன்னைப் பார்க்க விடாமல் மிக்கேல் கையை உயர்த்தினார். "சார், எனக்கு ஒண்ணுமில்ல. பாய்க்கு ஒரு சந்தேகம். கேக்க வெக்கப்படுறாரு. கம்பி போட்டா தொழுவையில குனிஞ்சு தரையில நெத்தி வைக்க முடியுமாங்கிறாரு."

"யோவ் மிக்கேலு" என்றார் கவுஸ்.

"கேட்டா என்ன? நானும் கேட்டேன்ல, கோயில்ல முட்டி போட முடியுமான்னு."

தமிழழகன் கட்டிலருகே வந்து நின்றார். "இதுக்கா மூணு நாளா வேண்டாம்னீங்க?"

பாத்திமா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அதுக்குத்தான் சார்" என்றார்.

டாக்டர் கவுஸ் பக்கம் திரும்பினார். "நான் தூரத்துலேர்ந்துதான் பாத்திருக்கேன். எப்படிப் போவீங்க, சரியாச் சொல்லுங்க" என்றார். கவுஸ் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி விளங்கவில்லை. செய்து காட்ட, பார்க்க வந்த ஆண்கள் யாரும் அப்போது இல்லை. டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "சிஸ்டர், ஒரு பெட்ஷீட் குடுங்க" என்றார்.

"எதுக்கு சார்?"

"குடுங்களேன்."

சுமதி சலவை வாசனை போகாத ஒரு விரிப்பைக் கொண்டுவந்தார். டாக்டர் அதைக் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்.

"அந்தப் பக்கம் இல்ல சார்" என்றார் கவுஸ், தன்னையறியாமல். "மேக்கால திரும்பணும்."

"காட்டுறதுக்குத்தானே பாய்."

"இருந்தாலும்."

டாக்டர் மேற்கே திரும்பினார். "பாத்து சார், யாராச்சும் படம் புடிச்சிடப் போறாங்க" என்றார் மிக்கேல்.

"மொதல்ல ருகூ. இடுப்போட குனிஞ்சு கையை முட்டியில வைங்க. அப்படி இல்ல, கூன் போடக் கூடாது. முதுகு பலகை மாதிரி இருக்கணும். முதுகுல ஒரு கிண்ணம் தண்ணி வச்சா சிந்தக் கூடாதும்பாங்க."

"தொந்தி இடிக்குது."

"அது ஒங்க தப்பு. இப்ப நிமிர்ந்து, கீழ போங்க. மொதல்ல முட்டி. அப்புறம் கை. நெத்தியும் மூக்கும் ரெண்டும் தரையில படணும். முழங்கை படக்கூடாது, தூக்குங்க. இப்பவும் முதுகு நேரா இருக்கணும். சுருண்டுக்கக் கூடாது."

எலும்பு வார்டின் தரையில், நெற்றி பட, மூச்சு வாங்கியபடி இருந்தார் டாக்டர். அங்கிருந்தே பேசினார், குரல் விரிப்புக்குள்ளிருந்து வந்தது. "சிஸ்டர், பாயோட கையை எடுத்து என் முதுகுல வைங்க. தோள்பட்டை எலும்புக்குக் கீழ. நடுவுல. அங்கதான்."

கட்டில் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்த கவுஸின் கையைச் சுமதி பிடித்துக் கீழே இறக்கி வைத்தார். சட்டைக்கு அடியில் எலும்பு முடிச்சுகள் வரிசையாகக் கவுஸின் விரலுக்குத் தட்டுப்பட்டன.

"இப்ப நான் எந்திரிக்கிறேன். மறுபடி போறேன். அந்த எடத்துல எவ்வளவு வளையுதுன்னு பாருங்க."

எழுந்தார். குனிந்தார். இரண்டு முறை. இடுப்பு மடிந்தது. முழங்கால் மடிந்தது. கவுஸின் விரலுக்கு அடியில் இருந்த இடம் ஒரே துண்டாக மேலே வந்து, ஒரே துண்டாகக் கீழே போனது.

"என்ன தெரியுது?"

"பெருசா ஒண்ணும் அசையல சார்."

"அசையாது. அது வெலா எலும்பு புடிச்சிருக்கிற எடம். அங்கதான் ஒங்களுக்குக் கம்பி. நீங்க குனியிறது இடுப்புல." டாக்டர் கட்டிலைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நீங்களேதான் சொன்னீங்க, முதுகு நேரா இருக்கணும்னு. நானும் அதைத்தான் செய்யப் போறேன். இப்ப ஒங்க முதுகு நேரா இல்ல. மடங்கிக்கிட்டு இருக்கு."

கவுஸ் கையை இன்னும் கீழேயே தொங்கவிட்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு. ஆறு மாசம் சேர்லதான். எலும்பு ஒட்டணும். கான்கிரீட் போட்டா செட்டாவுற வரைக்கும் முட்டுக் குடுக்குறோம்ல, அதுதான் அந்தக் கம்பி. அப்புறம் கால் எவ்வளவு திரும்புங்கிறது முழுசா என் கையில இல்ல. அழுத்தத்தை எடுத்து விடுறதுதான் என் வேலை. தள்ளிப் போடப் போட அது கொறைஞ்சுக்கிட்டே போவும்."

"பாய்" என்றார் மிக்கேல், "டாக்டரே ஒங்க கட்டிலுக்கு முன்னாடி விழுந்து எந்திரிச்சுட்டாரு. இதுக்கு மேல ஒங்களுக்கு என்ன வேணும்?"

பாத்திமா பீவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார். கவுஸ் மனைவியைப் பார்த்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கே வச்சுக்கலாமா சார்?" என்றார்.

ஒரு நாள் தள்ளி, ரத்தம் ஏற்பாடு செய்துகொண்டு ஆபரேஷன் நடந்தது. காலையில் உள்ளே போனவர் மதியத்துக்கு மேல்தான் வெளியே வந்தார். சீழ் ஒரு டம்ளர் அளவுக்கு இருந்தது என்று டாக்டர் சொன்னார்.

கண் விழித்ததும் கால் கட்டைவிரலை ஆட்டச் சொன்னார்கள். வலது ஆடியது. இடது அரிசி அளவு அசைந்தது. போதும் என்றார் டாக்டர். வார்டுக்கு மாற்றிய அன்று, பாத்திமா பீவி போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் அவருடைய இடது உள்ளங்காலை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"ஏய், கூசுது" என்றார் கவுஸ்.

அவர் மறுபடியும் கீறினார். இந்த முறை கவுஸ் காலையே இழுத்துக்கொண்டார். வேகமாக இல்லை; ஆனால் இழுத்தார். பாத்திமா பீவி போர்வையை மூடிவிட்டு, மிக்கேலின் மனைவியிடம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

மிக்கேல் முதலில் வீட்டுக்குப் போனார். போகும்போது, "முந்திரி காய்க்கிறப்ப வாங்க. குனிஞ்சு பொறுக்க ஆள் வேணும்" என்றார். "கூலி என்ன?" என்றார் கவுஸ். "பழம் திங்கலாம்."

மழைக்காலம் தொடங்கும்போது கவுஸ் மார்புப் பட்டையோடு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். பிறகு வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சுப் பழச்சாறு நிறத்தில் போனது. முதலில் அதைப் பார்த்துப் பயந்த பாத்திமா பீவி, அப்புறம் மாத்திரை போட்டாரா இல்லையா என்று கண்டுபிடிக்க அதுவே வசதி என்றார். டிஸ்க் என்று சொல்லி வைத்த பொய்யையும் அவர்தான் உடைத்தார். ஒரு கல்யாண வீட்டில் யாரோ தன் கணவருக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், முதுகுவலி என்று சொல்ல, "எங்க வூட்டுலயும் அப்படித்தான். டி.பி.ன்னாங்க. போய் ஸ்கேன் எடுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார். கவுஸ் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்.

பள்ளிவாசலுக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை, நாற்காலி வரிசை மொத்தமும் அவருக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜபருல்லா தனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் துண்டால் தட்டித் துடைத்தார்.

"வாங்க உறுப்பினரே. பதவியேத்துக்கிடுங்க."

"இடைக்கால உறுப்பினர்தான்" என்றார் கவுஸ். "ஆறு மாசம்."

"எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் வந்தோம்."

தொழுகை தொடங்கியது. முதல் வரிசையில் நின்ற காலத்தில் கவுஸுக்கு எதிரே சுவர்தான் தெரியும். இங்கிருந்து பள்ளிவாசல் முழுவதும் தெரிந்தது. இமாமின் குரலுக்கு வரிசை வரிசையாக எல்லா முதுகுகளும் ஒன்றாகக் குனிந்தன. எந்த முதுகு நேராக இருக்கிறது, எது கூன் போடுகிறது என்று அவர் கண் தானாகப் பார்த்தது. பக்கத்தில் ஜபருல்லா கண்ணை மூடி, தலையை மட்டும் மெல்லத் தாழ்த்தினார். அவர் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இவரோடு பேசிச் சிரித்தும், இவர் எப்படித் தொழுகிறார் என்று தான் பார்த்ததே இல்லை என்பது கவுஸுக்கு அப்போதுதான் தோன்றியது. சட்டசபை என்கிற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. ஜபருல்லாதான் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரிக் கடைசியில் அரியலூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தமிழழகன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூண்டுக்கு மேலும் கீழும் எலும்பு ஒட்டியிருப்பதைக் காட்டினார். பட்டையை ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. "இனிமே தரையிலயே தொழுங்க பாய். மெதுவா. பண்டல் மட்டும் தூக்கக் கூடாது" என்றார். மாத்திரையை இன்னும் ஒரு வருஷம் விடக் கூடாது என்றும், ரமலானில் விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் கவுஸ் மிக்கேலுக்குப் போன் போட்டார். மிக்கேல் தோப்பில் இருந்தார். பூவெடுத்திருக்கிறது, காய்ப்பு இந்த வருஷம் மோசமில்லை என்றார். கோயிலில் முட்டி போடுகிறாராம். எழுந்திருக்கத்தான் முன் பெஞ்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறதாம்.

2024ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கவுஸ் இரண்டாவது வரிசையில் தரையில் தொழுதார். நெற்றியும் மூக்கும் தரையில் பட்டன. எழும்போது மட்டும் வலது கையை ஊன்றினார். காலியாக இருந்த அவருடைய நாற்காலியில் ஜபருல்லா இடம் பிடிப்பதுபோல் துண்டை வைத்திருந்தார். தொழுகை முடிந்து கவுஸ் இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு கடையைத் திறக்கப் போனார்.